கமராவுக்குத் தெரியாமல் ஒரு பொங்கல்

கமராவின் தலையில் சீமெந்துச் சாக்கைக் கவிழ்த்தவன் லெனாட்தான்.

"இனி ஆருக்கும் ஒண்டும் தெரியாது. ஆறுதலாப் பொங்குங்கோ அண்ணை" என்று ஏணியிலிருந்து இறங்கினான்.

மேசன் ஏரம்பு அப்போதும் கமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாண ரவுணுக்குள் அந்த மாடிவீட்டைக் கட்டுவிக்கிற சோமசேகரம் கனடாவில் இருக்கிறார். அங்கே இருந்தபடியே இந்தக் கமராவால் முற்றத்தைப் பார்ப்பார். புதுவீட்டுக்குக் குடிபூரும் நாள் கிட்டிவிட்டதால் வேலை முடியும்வரை ஒருவருக்கும் லீவில்லை என்று சொல்லியிருந்தார். முற்றத்தில் புதிதாகப் பதித்த கல்லில் ஒரு கறை பட்டாலும் தன் தம்பியின் வீட்டு வேலையை வேறு மேசனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். அந்த வேலை ஏரம்புவுக்கு ஒரு வருசச் சோறு.

அதற்காகப் பொங்காமல் விட முடியுமா? உடுப்பிட்டியில் பெண்சாதி தனியாகப் பொங்குகிறாள். கூட வேலை செய்கிற இளையதம்பிக்கும் ஊருக்குப் போக வழியில்லை. பெயின்ற் அடிக்க வருகிற லெனாட் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். அவன்கூட விடிய முதலே கொழும்புத்துறையிலிருந்து கரும்பும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

சூரியன் தெரிகிற இடம் முற்றம் ஒன்றுதான். கல்லின் மேல் தகரம் போட்டு, தகரத்தின் மேல் மணல் பரப்பி, அதில் அடுப்பை வைத்தார்கள்.

பானையில் பாலை விடும்போது போன் அடித்தது.

"ஏரம்பு, கமரா ஏன் இருட்டாக் கிடக்கு?"

"மழை ஐயா. நனைஞ்சு போகுமெண்டு மூடினனான்."

"உங்கை மழை இல்லையெண்டு என்ரை போன் சொல்லுது. உடனை திறவும்."

லெனாட் மறுபடி ஏறினான். சாக்கை எடுக்க முதல் கமராவின் முகத்தை மதில் பக்கம் திருப்பிவிட்டான்.

போன் திரும்பவும் அடித்தது.

"எனக்கு ஏன் மதிலைக் காட்டுறீர்?"

"காகம் ஐயா. காகம் வந்து குந்தித் திரும்பிப் போச்சு."

"மாடு முட்டினாலும் திரும்பாதெண்டு சொல்லியெல்லோ எனக்கு வித்தவங்கள். கிழக்குப் பக்கம் திருப்பும். கிழக்கு, விளங்குதோ?"

அவர் குரலுக்குப் பின்னால் கனபேர் முணுமுணுப்பது கேட்டது. ஏரம்பு போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஆள் சேத்து வைச்சுக்கொண்டு விசாரிக்கிறார் போலை" என்றார்.

"கிழக்கிலைதானே அடுப்பு இருக்கு" என்றார் இளையதம்பி. "தகரத்தோடை இழுத்து அங்காலை விடுவம்."

இழுத்தார்கள். தகரம் கீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. பால் தளம்பிக் கல்லில் சிந்தியது. அடுப்பு ஓர் அடி கூடப் போகவில்லை. தகரம் வந்த வழியெல்லாம் புதுக் கல்லில் ஆழமாகக் கீறல் விழுந்துவிட்டது.

"கறைதான் படக் கூடாதெண்டவர்" என்றான் லெனாட். "கீறலைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையே."

"எடேய், வாயை மூடிக்கொண்டு ஏதும் செய்யடா."

லெனாட் செய்தான். ஏணியில் ஏறிக் கமராவைக் கிழக்கே திருப்பி, அதற்கு முன்னால் தன் வயிற்றை வைத்துக்கொண்டு நின்றான். பொங்கலுக்கென்று போட்டுவந்த மஞ்சள் சேட்டு, உருண்டு திரண்ட வயிற்றில் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு இழுபட்டு நின்றது.

மூவரும் போனைப் பார்த்தார்கள். அது அடிக்கவில்லை. அரிசி போட்டார்கள். அப்போதும் அடிக்கவில்லை.

"பாத்தியளோ அண்ணை, மனுசன் அடங்கிட்டார். கெதியாக் கிண்டுங்கோ. வயித்தைத் தள்ளிப் பிடிச்சு நாரி நோகுது."

"அசையாதை. உன்ரை வயிறு இண்டைக்குத்தான் ஒரு வேலைக்கு ஆகியிருக்கு" என்றார் இளையதம்பி.

சர்க்கரை கரைந்து மணம் எழும்பியது. மதிலுக்கு மேலால் வெளிச்சம் சிவந்தது. நுரை பானையின் கழுத்தில் ஏறி, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. அதைக் கண்ட சந்தோசத்தில் இளையதம்பி கமராவையும் மறந்தார், கனடாவையும் மறந்தார். மடியிலிருந்த சீனவெடிச் சரத்தைக் கொளுத்தி எறிந்துவிட்டார்.

வெடிச்சத்தத்தில் திடுக்கிட்ட லெனாட் ஏணியோடு பக்கத்து வேப்பமரத்தில் சாய்ந்தான். கமராவுக்கு முன்னால் இப்போது எல்லாமே தெளிவாகத் தெரிந்தது: அடுப்பு, பானை, சிந்தின பால், கீறல் விழுந்த கல், புகைக்குள் நிற்கிற இரண்டு பேர்.

போன் அடித்தது. இந்தமுறை படத்தோடு.

ஏரம்பு திரையைப் பார்க்காமலே கதைத்தார். "ஐயா, முழுக்க என்ரை பிழை. இவையளை ஏசாதையுங்கோ. கல்லை நானே மாத்திப் பதிச்சுத் தாறன். தம்பியின்ரை வீட்டை மட்டும் வேறை ஆருக்கும்..."

மெல்லக் கண்ணைத் திருப்பிப் பார்த்தார். திரையில் சோமசேகரத்தின் மனைவி சுவர்ணா பட்டுச்சீலையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் வேட்டி கட்டின பெரியவர்களும் பாவாடை சட்டை போட்ட சின்னப்பிள்ளைகளும் பெரிய ரீவியைப் பார்த்து வரிசையாக இருந்தார்கள்.

"கல்லுக் கிடக்கட்டும் ஏரம்பு" என்றாள் சுவர்ணா. "இஞ்சை இரவு, வெளியிலை சினோ கொட்டுது. எங்கடை வளவிலை சூரியன் எழும்புறதைக் கமராவிலை காட்டிக் கும்பிடுவிப்பமெண்டு ஆக்களைக் கூப்பிட்டு இருத்தினம். பேரப்பிள்ளையள் லெனாட்டின்ரை வயித்தைச் சூரியனெண்டு விழுந்து கும்பிட்டிட்டுதுகள், இனி ஆர் போய்ச் சொல்லுறது?"