உடைய மறுத்த துப்பாக்கி

நானும் ஒரு காலத்தில் கைத்துப்பாக்கியோடு நடமாடியவள். (பதற வேண்டாம். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் பொட்டுவெடித் துப்பாக்கிதான்.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் தட்டச்சர் வேலை கிடைத்தது. எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். இங்கே ஒருவரையும் தெரியாது. அறை கிடைத்தது அடி அண்ணாமலையில். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் நானும் ஏழெட்டு நாய்களும்தான். அந்த நாய்களுக்காகத்தான் துப்பாக்கி.

பெரிய கோயில் பக்கத்தில் பொம்மைக் கடை வைத்திருந்த மல்லிகாவுக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் அவளிடம் வாங்கியது பிளாஸ்டிக். நாலாம் நாள் விசை கையோடு வந்துவிட்டது. அடுத்தது தகரம். கைப்பையில் டிபன் டப்பாவோடு முட்டி மோதியே நசுங்கியது. (தயிர்சாதம் கசிந்து துருவும் பிடித்தது.) ஒவ்வொரு முறையும் போய்ச் சண்டை போடுவேன்.

"என்னாங்க, வாரத்துக்கு ஒண்ணு ஒடைக்கிறீங்க? நாயச் சுடுறீங்களா, இல்ல அதோட மல்லு கட்றீங்களா?" என்பாள்.

விசை, ஸ்பிரிங் என்று தொடங்கும் பேச்சு, குழம்பு, மாமியார், சினிமா என்று போகும். அலுவலகத்தில் என்னிடம் யாரும் பேசியதெல்லாம் "மூணு கார்பன் காப்பி எடும்மா" மட்டும்தான். மல்லிகாவின் அரைமணி நேரப் பேச்சை வைத்துத்தான் ஒரு வாரத்தை ஓட்டுவேன்.

இப்படிப் பல போனபின் அவள் எடுத்துக் கொடுத்தது இரும்பு. அதன் கனத்தில் கைப்பை வார் தோளை அறுத்தது.

"இது உங்க ஆயுசுக்கும் ஒடையாதுங்க," என்றாள் பெருமையாக. எனக்குப் பகீரென்றது.

சொன்னபடியே ஒரு மாதமாகியும் ஒரு திருகாணிகூடக் கழலவில்லை. காரணமில்லாமல் கடைக்குப் போகவோ கூச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்கவில்லை. நாலாவது ஞாயிறு மதியம் பொறுக்க முடியாமல், துப்பாக்கியை அம்மிமேல் வைத்துக் குழவியால் ஓங்கிப் போட்டேன்.

உள்ளே முழுச் சுருள் வெடி இருப்பதை மறந்திருந்தேன். (படித்த பெண் வேறு!) படபடவென்று வெடித்து அறை முழுக்கப் புகை. தெருவே ஓடி வந்தது. வீட்டுக்கார அம்மா என்னைத் தடவிப் பார்த்து, உயிர் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கடைக்கு இழுத்துப் போனார்.

"என்னாம்மா பொருள் விக்கிற? வயசுப் பொண்ணு. கைல வெடிச்சிருந்தா?" என்று மல்லிகாவைப் பிடித்துக்கொண்டார்.

மல்லிகா துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

"கல்லால அடிச்ச மாதிரி இருக்குதே. யாரு அடிச்சது?"

வாயில் பொய் ஒன்றும் வரவில்லை. "நான்தான். உடைஞ்சாத்தானே இங்க வர முடியும்," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். நடுக்கடையில், பம்பரம் வாங்க வந்தவர்கள் முன்னால்! 

"அதுக்குப் போயி... சும்மா வரக்கூடாதாங்க?" என்றாள் மல்லிகா.

மாற்றலாகும்வரை சும்மாவே போனேன்.

முப்பது வருடமாயிற்று. வீட்டில் எது பழுதாகி நான் ஆளைக் கூப்பிட்டாலும், "நெஜமாவே ரிப்பேரா, இல்ல பேச ஆள் வேணுமா?" என்பார் என் கணவர். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன வாரம் அவர்கள் இருவரும் ஊரில் இல்லாதபோது மிக்சி ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். மிக்சி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.