சந்திரவல்லி சிலோன் போகிற விஷயமாக

ராசிங்காபுரம்,
22-7-79

ராமேஸ்வரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பிரியமுள்ள மாப்பிள்ளை ஒச்சப்பனுக்கு, மச்சான் கண்ணுச்சாமி எழுதிக்கொண்டது. உன்னையும் தங்கச்சியையும் பிள்ளைகளையும் ராமநாதசாமி ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே நான், உன் அக்கா ராமுத்தாய், மாடுகன்று எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மாடு சுகம். மற்ற விவரம் கீழே.

என் மகள், உன் மருமகள் சந்திரவல்லி மதுரையில் விவசாயப் படிப்பின் கடைசி வருஷத்தை முடித்து, கேரளா மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் மூன்று மாதம் பயிற்சிக்கு இருந்தது உனக்குத் தெரியும். திரும்பி வரும்போதே பேச்சில் பாதி மலையாளம். சோறு போதும் என்பதற்கு 'மதி, மதி' என்கிறாள். உன் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யார் அந்த மதி, எந்த ஊர்ப் பையன் என்று விசாரித்தாள். அதைத் தெளிவுபடுத்தி முடிப்பதற்குள், போடியில் ஜீப்புக்கு மேல்கூடு தைக்கிற கடையில் கொடுத்துத் தார்ப்பாயில் ஒரு பை தைத்து வந்தாள். முதுகில் மாட்ட இரண்டு வார். உள்ளே ஓர் ஆட்டுக்குட்டியை நிற்க வைக்கலாம். ஏலக்காய் சுமக்கத்தான் என்று நினைத்து, பிள்ளை தோட்ட வேலை பழகிவிட்டது என்று டீக்கடையில் பெருமை வேறு பேசிவிட்டேன்.

போன மாசம் வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்று, சந்திரவல்லி என்கிற பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை, இந்தத் தெருவிலேயே இல்லை என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அவளே செம்பில் தண்ணீரோடு வந்து, பாஸ்போர்ட் விசாரணைக்குத்தானே அண்ணே வந்தீர்கள் என்று கேட்கிறாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ இந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்றார். அப்பன் என்றேன். நம்பவில்லை. பக்கத்து வீட்டு சுப்புத்தாய் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் எழுதிக்கொண்டு போனார்.

அப்புறம்தான் முழுக் கதையும் வெளியே வந்தது. பயிற்சியில் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அவளும் கூடப் படித்த சிநேகிதி சின்னமனூர்ப் பொன்னுமணியும் சிலோன் போகிறார்களாம். உங்கள் ஊரில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் பாதி, நடையில் பாதி. சாப்பாடு அவலும் வெல்லமும். படுக்கை கோயில் மண்டபத்தில். மழை வந்தால், தோட்டத்தில் கூட வேலை பார்த்த ராக்கையாவின் சித்தப்பா கண்டிப் பக்கம் இருக்கிறாராம், அங்கே. இத்தனை பாடுபட்டு அங்கே போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "பாக்கணும்ப்பா, அவ்வளவுதான்" என்றாள்.

பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. கூடாது என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு பந்தயம் வைத்தேன். பை நிறையச் சாமானோடு குரங்கணி அடிவாரத்திலிருந்து மலை உச்சிவரை கீழே இறக்காமல் சுமந்துவிட்டால் போகலாம் என்றேன். பையை நானே கட்டித் தருகிறேன் என்று சொல்லி, அடியில் உன் அக்காவின் அம்மிக் குழவியைப் போர்வையில் சுற்றி வைத்தேன். உன்னிடம் மறைப்பானேன். அவள் பையை மாட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி முன்னால் போகிறாள். வெறும் குடையோடு போன எனக்கு மூச்சு இரைக்கிறது. பாதி மலையில் காலில் அட்டை ஏறியதைப் பார்த்துத் துள்ளியதில் குடை பள்ளத்துக்குள் போனது, நான் குழிக்குள் போனேன். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அவள் இறங்கி ஓடி வந்து, கட்டுப்போடத் துணி எடுக்கப் பையை அவிழ்த்தாள். குழவி உருண்டு வந்து என் பக்கத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

"அம்மா இன்னிக்கு எதை வச்சு அரைக்கும்?" என்று மட்டும் கேட்டாள். குழவியைத் திரும்பப் பைக்குள் போட்டு முதுகில் மாட்டி, என் கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பு ரோடுவரை கொண்டுவந்து சேர்த்தாள். இங்கே வந்து பார்த்தால், குழவியை எடுத்தது சுப்புத்தாய்தான் என்று உன் அக்கா தெருவில் நின்று சண்டை போட்டு முடித்திருக்கிறாள். இனிப் போலீஸ்காரர் வந்தால் நான்தான் அப்பன் என்று சொல்ல ஆளில்லை. அதோடு விட்டதா? உச்சி வரை ஏறாததால் பந்தயம் கணக்கில் சேராது, கால் சரியானதும் மறுபடி போவோம் என்கிறாள் மகள். வேண்டாம் ஆத்தா, நீ ஜெயித்துவிட்டாய் என்று நானே கும்பிட்டுச் சொல்லவேண்டியதாயிற்று.

கொடுத்த வாக்கை நான் மீற முடியாது. நீ வாக்குக் கொடுக்கவில்லை. ஆகையால், அவர்கள் அங்கே வந்ததும், ஆடிக் காற்றில் கடல் பொங்குகிறது, கப்பல் இப்போதைக்கு இல்லை என்று சொல்லி, கோயிலைச் சுற்றிக் காட்டி, வெரசாக பஸ்சு ஏற்றி அனுப்பிவிடு. மாமன் சொன்னால் கேட்பாள். தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் வியாபாரம் பெருகட்டும்.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டிருக்கும் மச்சான்
கண்ணுச்சாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். மத்தியானம் பொன்னுமணியின் அப்பன் கோட்டைச்சாமி அவளையும் இழுத்துக்கொண்டு வந்தான். கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. "பொட்டப்புள்ளையக் கடல் தாண்டி அனுப்புறியே, நீயெல்லாம் என்ன அப்பன்?" என்றான். நானும் ஒரு மாசமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் வாயால் கேட்டதும் ரோஷம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எம்புள்ள கல்லச் சொமந்துக்கிட்டு மலையேறுனவ. எறங்குறப்ப என்னையும் சேத்துச் சொமந்தவ. கடலு என்னய்யா பெரிய கடலு?" என்றேன். அவன் உன் அக்கா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தான். பிறகு, அப்படியானால் ரெண்டு பேரையும் அனுப்பிவிடுவோமா என்றான். பின்னே என்ன என்றேன். என்ன சொன்னேன் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது. உள்ளே பிள்ளைகள் இரண்டும் சிரித்துக்கொண்டு அழுகிறார்கள், உன் அக்கா முறுக்குச் சுடுகிறாள்.

ஆகவே மேலே எழுதியதை நீ படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருவார்கள். மீன் குழம்பு வைத்துக் கொடு. நீயே கூடப் போய் ஏற்றிவிட்டு, கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு எனக்கு ஒரு தந்தி அடி. 'சந்திரவல்லி போய்விட்டாள்' என்று அடித்துத் தொலைக்காதே, உன் அக்கா தாங்கமாட்டாள். 'கப்பலேறிவிட்டாள்' என்று அடி. கூட ஒரு வார்த்தை போட இடமிருந்தால், ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்தாளா என்பதையும் எழுது.