எங்கள் வீட்டு அமெரிக்கா

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் இருபத்துமூன்று வருடங்களாக இருக்கிறேன். இந்த ஊரில் முன்பின் தெரியாத மனிதரைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து, அவர் காலைக் காட்டி, "உங்கள் சப்பாத்து நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு, ஒரு முறைப்புக்கூட வாங்காமல் வீடு திரும்பிய ஒரே பிறவி எங்கள் வீட்டு அமெரிக்காதான்.

அமெரிக்கா என்றால் நாடு அல்ல. பதினாறு வயதுப் பெண். நெப்ராஸ்காவில், மனிதர்களைவிடச் சோளம் அதிகமாக உள்ள ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்தவள். அவளுக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. என் கணவர் முதல் நாளே அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்று தரமும் நாக்குச் சுளுக்கியது. "அமெரிக்கா எண்டே கூப்பிடுவம்" என்று முடித்துவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் "அமெரிக்கா இன்னும் எழும்பேல்லை", "அமெரிக்காவுக்குத் தடிமன், ஒரே தும்மல்", "அமெரிக்கா குளியலறையைப் பிடிச்சுக்கொண்டு விடுகுதில்லை" என்று தினமும் உலகச் செய்திதான்.

அவள் வந்ததே ஒரு அதிர்ச்சி. ஒரு சனிக்கிழமை காலை, கை முழுக்க இடியப்ப மாவோடு கதவைத் திறக்கிறேன். வாசலில் என் மகள் தாரணியின் வகுப்பாசிரியை. அவருக்குப் பின்னால் இரண்டு பெரிய சூட்கேஸ். சூட்கேஸ்களுக்குப் பின்னால், எங்கள் கதவு நிலைக்கு நாலு விரல் குறைவான உயரத்தில் ஒரு பெண். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பாய்ந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். மாவு அவள் முதுகில் பத்து விரலாகப் பதிந்தது.

"நீங்கள் இவளைப் பொறுப்பெடுத்தது எவ்வளவு பெரிய உதவி!" என்றார் ஆசிரியை.

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் தாரணியைப் பார்த்தார். தாரணி மேலே மின்விளக்கைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். மாணவர் பரிமாற்றத்தில் வந்த பிள்ளைக்கு வீடு தருவதாகச் சொன்ன குடும்பம் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது. இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளைக்கு, யாராவது இடம் தருவீர்களா என்று பள்ளிக்கூடம் கடிதம் அனுப்பியிருக்கிறது. தாரணி தகப்பனிடம் நீட்டியிருக்கிறாள். அவர் நீச்சல் வகுப்புக் கடிதம் என்று நினைத்துக் கையெழுத்து வைத்திருக்கிறார்.

"வாசிக்காமல் ஆரப்பா கையெழுத்து வைப்பினம்?" என்று குசினிக்குள் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"ஜெர்மன் கடிதத்தை ஆரப்பா வாசிப்பினம்?" என்றார்.

இரண்டு கிழமை பத்து மாதமானது. அடுத்த வீடு தேடுவதை நாங்கள்தான் ஒருநாள் நிறுத்தச் சொன்னோம்.

முதல் கிழமை அவள் புட்டைக் கிண்ணத்தில் போட்டுக் குளிர்ந்த பாலை ஊற்றிக் கரண்டியால் சாப்பிட்டாள். சொதியைச் சூப் என்று நினைத்துக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டாள். கட்டைச் சம்பலை வாயில் வைத்தபோது கண், மூக்கு எல்லாம் சேர்ந்து ஓடியது. "விடு பிள்ளை, சாப்பிடாதை" என்று தட்டைப் பிடித்து இழுக்கிறேன், விடமாட்டாள். அழுதுகொண்டே இன்னும் இரண்டு கவளம் உள்ளே தள்ளினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குத்தான் தண்ணீர் தேவைப்பட்டது.

இரண்டாவது ஞாயிறு அதைவிட மோசம். வீட்டில் சேர்ந்த வெற்றுப் போத்தல்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், தெருமுனையில் கண்ணாடி சேர்க்கிற இரும்புத் தொட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டாள். டமார். டமார். ஜெர்மனியில் ஞாயிறு சத்தம் போடக்கூடாத ஓய்வு நாள், அன்று போத்தல் போடுவது கொலைக்கு அடுத்த குற்றம். நான் மூன்றாம் மாடி யன்னலில் இருந்து கையை ஆட்டுகிறேன். அவளும் சந்தோஷமாகக் கையை ஆட்டுகிறாள். கீழ்வீட்டுக்காரர் வீட்டுச் செருப்போடு வெளியே வந்துவிட்டார். கருவாடு பொரித்த மணத்திற்கும், தாரணி குதித்த சத்தத்திற்கும் ஒன்பது வருடங்களாக எங்கள் தபால் பெட்டிக்குள் கடிதம் போடுகிற மனிதர். நேரில் ஒரு வணக்கம் சொன்னதில்லை. நான் யன்னலை மூடிவிட்டுச் சோபாவில் இருந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அமெரிக்கா வந்தாள். தலைமுடியில் ஒரு இறகு. அவருடைய செருப்பு நல்ல வடிவு என்று சொன்னாளாம். அது இறந்துபோன மனைவி வாங்கித் தந்தது என்றாராம். பிறகு தோட்டத்துக்குக் கூட்டிப்போய்த் தன்னுடைய பந்தயப் புறாக்களை எல்லாம் காட்டினாராம். அந்த மனிதருக்கு மனைவி இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

தமிழை அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. சமைக்கும்போது, சண்டை பிடிக்கும்போது காதில் விழுந்ததைப் பொறுக்கி எடுத்தாள். முதலில் ஆமாம் என்பதற்கு "ஓம்". பிறகு முடியாது என்பதற்கு "ஏலாது". பிறகு "பொறுங்கோ". நான் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் பெண்கள் பலரையும்போல "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுவேன். இங்கே பாருங்கள் என்று அர்த்தம். அவள் அதை அவருடைய பெயர் என்று நினைத்துவிட்டாள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஆசிரியரிடம் "இவர்தான் ஹெர் இஞ்சேருங்கோ" என்று மரியாதையாக அறிமுகம் செய்து வைத்தாள். அந்த ஆசிரியர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த வருடம் முழுவதும் பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் திரு. இஞ்சேருங்கோவுக்குத்தான் வந்தன.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை வந்தது. நான் முதியோர் இல்லத்தில் பகல் வேலை முடித்து வந்து சமைத்து, நால்வரும் மேசையில் இருக்கிறோம். அமெரிக்கா பருப்பைக் குழைத்துக்கொண்டே, அன்று புதிதாகக் கட்டிய வசனத்தை எனக்குப் பெருமையோடு சொன்னாள்.

"அன்ரி, இண்டைக்கு இஞ்சேருங்கோ பார்க்கில தாராவுக்குச் சோறு குடுத்தவர்."

தாரா என்றால் வாத்து. தாரணி சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை.

"நேற்றும் குடுத்தவர்," என்றாள் அமெரிக்கா. ஆசிரியர் ஒருவருக்குச் சுகமில்லாமல் இரண்டு நாளாகக் காலை பத்து மணிப் பாடம் நடக்கவில்லை. அவள் பூங்காவுக்கு உலாவப் போயிருக்கிறாள். "முழுச் சோறும் தாராவுக்கு. நல்ல மனிசன்."

"நீங்கள் வேலை செய்யிறது எஸ்ஸனில," என்றேன் நான் மெதுவாக. "தாராவுக்குச் சோறு குடுக்கிறது கெல்சென்கிர்ச்சனிலயோ?"

"அது... இடைவேளையப்பா."

"காலமை பத்து மணிக்கோ?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, மாட்டியிருந்த ஜக்கெற்றின் உட்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவர் வேலை செய்த களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். கடிதத்தில் இருந்த திகதிக்கு ஏழு கிழமை முடிந்திருந்தது.

ஏழு கிழமையாக இந்த மனிதர் காலை ஐந்தரைக்கு எழும்பி, சவரம் செய்து, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிப் பூங்கா வாங்குப் பலகையில் போய் இருந்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போனதற்காக அல்ல. ஊரில் உள்ள தாராக்களுக்கெல்லாம் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே.

"நான் ஆரப்பா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"சொல்ல வாய் வரேல்லை. நீ வேலையால களைச்சு வாறாய். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு..."

"ஏன் சோத்தைக் கொட்டினனீங்கள்?"

"இறங்கேல்லை," என்றார்.

அப்போதுதான் அவரை ஒழுங்காகப் பார்த்தேன். சேர்ட் கழுத்து இரண்டு விரல் தள்ளி நின்றது. முதியோர் இல்லத்தில் முப்பது பேர் என்ன சாப்பிட்டார்கள், என்ன மிச்சம் வைத்தார்கள் என்று தினமும் எழுதி வைக்கிறவள் நான். என் வீட்டில் ஒருவர் மெலிந்துபோனதைக் கவனிக்கவில்லை. ஆத்திரம் இறங்கிப்போய், நான் அழத் தொடங்கினேன்.

அமெரிக்காவுக்குச் சொற்கள் விளங்கவில்லை, முகங்கள் விளங்கின. ஒரு குடும்பத்தையே உடைத்துவிட்டோம் என்று நினைத்து அறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். தாரணி கதவுக்கு வெளியே நின்று, அப்பாவுக்கு வேலை போய்விட்டது, உன் பிழை இல்லை என்று எவ்வளவு சொல்லியும் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவளுடைய கட்டில் வெறுமையாக இருந்தது. சூட்கேஸ் இரண்டும் கட்டி, கதவோரம் நேராக நின்றன. கைபேசி மேசையில் கிடந்தது. ஆளைக் காணவில்லை.

அடுத்த மூன்று மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். யாரோ பெற்ற பிள்ளை. தாய் தகப்பனுக்கு என்ன சொல்வது? தாரணி ரயில் நிலையத்துக்கு ஓடினாள். கீழ்வீட்டுக்காரர் கேள்விப்பட்டு, புறா பறக்கவிடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு கால்வாய்ப் பக்கம் தேடப் போனார். என் கணவர் பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "இனிப் பொலிசுக்குத்தான் சொல்லவேணும்" என்று போனைக் கையில் எடுத்தபோது கதவு மணி அடித்தது.

மழையில் தெப்பமாக நனைந்து நின்றாள். ஜக்கெற்றுக்குள் இருந்து ஒரு கடுதாசிக் கட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். நனையாமல் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். ஊரில் ஓடுகிற பஸ்களின் பின்பக்கத்தில் சாரதிகள் தேவை, பயிற்சி நாங்களே தருவோம் என்று விளம்பரம் போட்டிருப்பார்கள். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒருவரும் வாசித்ததில்லை. அவள் விடியவே தரிப்பிடத்தில் போய் நின்று, வந்த ஒவ்வொரு பஸ் சாரதியிடமும் "எங்கள் வீட்டில் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார்" என்று தொடங்கியிருக்கிறாள். நான்காவதாக வந்த துருக்கிப் பெண்மணி அவளை ஏற்றிக்கொண்டுபோய் டிப்போவிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். தெர்மின் எடுக்காமல், அதாவது முன்கூட்டியே நேரம் குறித்து வாங்காமல், இந்த நாட்டில் தும்மவும் ஏலாது. இவள் தெர்மின் இல்லாமல் உள்ளே போய், விண்ணப்பப் படிவத்தோடு, சனிக்கிழமை கடமையில் இருந்த அலுவலரின் கையெழுத்தில் "திங்கள் பத்து மணிக்கு அவரை வரச்சொல்லவும்" என்று எழுதியும் வாங்கி வந்திருக்கிறாள்.

நான் அவளை ஏசவேண்டும் என்று மூன்று மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். துவாயை எடுத்துத் தலையைத் துவட்டத்தான் முடிந்தது.

என் கணவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எனக்கு ஐம்பத்தொரு வயசு. உது எனக்கு ஏலாது, பிள்ளை."

"ஏலும்," என்றாள் அவள்.

நாங்கள் மூவரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் வீட்டில் அவள் கேட்டதெல்லாம் ஏலாது, ஏலாது, ஏலாதுதான். இந்தச் சொல் எங்கே இருந்து வந்தது? தானாகவே வெட்டி ஒட்டிச் செய்திருக்கவேண்டும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் வீதிச் சட்டம் படிப்புத்தான். அவள் அரைகுறை ஜெர்மனில் கேள்வி கேட்க, அவர் அரைகுறை ஜெர்மனில் பதில் சொல்ல, இரண்டையும் திருத்தித் திருத்தித் தாரணிக்குத் தொண்டை கட்டியது. முதல் தரம் எழுத்துப் பரீட்சையில் தவறினார். மனிதர் இரண்டு நாள் புத்தகத்தைக் கையால் தொடவில்லை. மூன்றாம் நாள் அமெரிக்கா கேள்விப் புத்தகத்தை அவருடைய தேநீர்க் கோப்பைக்கு மேலே வைத்துவிட்டு எதிரே வந்து இருந்தாள். புத்தகத்தைத் திறக்காமல் தேநீர் குடிக்க வழியில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய், அவர் முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஓட்டினார். நாங்கள் மூவரும் பாடசாலைத் தரிப்பிடத்தில் ஏறினோம். சத்தம் போடக்கூடாது என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஓம், ஓம் என்றாள். ஏறி, நடுவில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி ஜெர்மனில் அறிவித்தாள்: "இவர் என்னுடைய அங்கிள்! இன்றைக்கு முதல் நாள்!"

பஸ்ஸில் இருந்த முப்பது பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இருக்கைக்குக் கீழே புகுந்துவிடலாம் போல இருந்தது. பின்னால் இருந்து ஒரு முதியவர் தடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, "பிராவோ" என்றார். பிறகு யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். கண்ணாடியில் என் கணவரின் முகம் தெரிந்தது. எங்கள் கலியாண வீட்டுப் படத்தில்கூட அந்த மனிதர் அப்படிச் சிரிக்கவில்லை.

ஜூலையில் டுசல்டோர்ப் விமான நிலையத்தில் அவளை அனுப்பி வைத்தோம். அவள் அழுதாள், தாரணி அழுதாள், என் கணவர் பார்க்கிங் ரிக்கெற் தேடுகிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. இப்போது நெப்ராஸ்காவில் ஒரு நாய்க்கு யாழ்ப்பாணத் தமிழ் விளங்குமாம். "பொறு" என்றால் நிற்கிறதாம், காணொளி அனுப்பியிருந்தாள்.

போன கிழமை ஒரு குரல்பதிவு வந்தது. ஊரைவிட்டுத் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். "அன்ரி, இஞ்ச எனக்கு ஒருத்தரையும் தெரியாது. பயமா இருக்கு," என்றாள். அந்தப் பிள்ளைக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என நான் நினைத்ததே இல்லை.

வேலைக்குப் போகிற அவசரத்திலும் அப்படியே சப்பாத்தோடு கட்டிலில் இருந்து, பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். என்ன பேசினேன் என்று தாரணி கேட்டாள், அவர் கேட்டார். நீங்களும் கேட்கவேண்டாம். அது தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் உள்ள கதை.