கழிவுக்கு ஒரு வரவேற்புரை

என் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. இந்த உண்மை எனக்குத் தெரியவந்தபோது எங்கள் நகரின் கிணறுகளுக்கு அது பிரயோஜனப்படாமல் போய்விட்டது.

சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டாட்டம். எனக்கு மைக். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டப் போனவன் நான். பகல் முழுக்க இரும்புச் சத்தத்தில் நிற்பதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவேன். (உங்கள் அம்மா அதைப் பேச்சு என்றே ஒப்புக்கொள்வதில்லை.) ஆனால் பொங்கல் விழாவோ கொடியேற்றமோ, எங்கள் நகரில் எது நடந்தாலும் வரவேற்புரை என்னுடையதுதான். 'இருகரம் கூப்பி, சிரம் தாழ்த்தி, வருக வருக என வரவேற்கிறேன்' என்று நான் இழுத்துச் சொல்லும்போது முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கொட்டாவி என்று உங்கள் அம்மா சொல்வாள். அது பொறாமை.

மலர், செந்தில், அப்பா ஏன் இப்போதெல்லாம் எந்த மேடையிலும் ஏறுவதில்லை என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள்.

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, உள்ளே வெகுதூரம் சைக்கிள் மிதித்தால் எங்கள் நகர் வரும். நகருக்குப் பின்னால், கல் உடைத்து முடித்துக் கைவிட்ட ஒரு பழைய குவாரி. அந்தப் பள்ளத்தில், ரசாயனத் தொழிற்சாலைகளில் மிஞ்சுகிற விஷக் கழிவை டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து புதைக்கப்போவதாக ஒரு கம்பெனி சொன்னது. ஆனால் அப்படிச் செய்வதற்கு முன்னால் ஊர் மக்களைக் கூட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாக வேண்டும் என்பது சட்டம். மக்கள் சொல்வதை ஒரு அதிகாரி எழுதிக்கொண்டு போய் மேலிடத்தில் கொடுப்பார். அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பெயர். கேட்க அழகாகத்தான் இருந்தது.

ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். அது ஆடித் தள்ளுபடி மாதம். கழிவு கழிவு என்று காதில் விழுந்ததும், எதிர்வீட்டு விமலா அக்கா ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார்.

"எவ்ளோ பர்சென்ட்டுப்பா கழிவு?"

"தெரிலக்கா. மண்டபத்துல சொல்லுவாங்க."

(ஆட்டோக்காரன் மேல் தப்பில்லை. ஜவுளிக்கடைக் கழிவைத் தவிர வேறு கழிவுக்கு ஸ்பீக்கர் கட்டி அவன் பார்த்ததில்லை.)

விஷயம் சரியாகப் புரிந்தவர் ஒருவர்தான். கீரைக்கார ஏழுமலை அண்ணன். குவாரிக்கு அந்தப் பக்கம் அவருடைய தோட்டம். ஒரு கிணறு, ஒரு மோட்டார், அவ்வளவுதான் ஆஸ்தி. எங்கள் நகர் மொத்தமும் சாப்பிட்டது அவர் கீரை. அவர் கிணறு கெட்டால், அதே ஊற்றில் இருக்கும் எங்கள் கிணறுகளும் கெடும். கூட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்தார்.

"சார், நமக்கு ஆபீசருங்க எதிர்ல பேச வராது. நாக்கு இஸ்துக்கும். நீதான் சொல்லணும்."

"கவலையே படாதீங்கண்ணே. மைக்கு நம்ம கையில."

"மைக்கு இன்னாத்துக்கு சார்? வாணாம்னு சொல்லு. அது போதும்."

நான் சிரித்தேன். பாவம், பேச்சுக்கலை தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். கிணற்றைப் பற்றி ஒரு பத்தி, குழந்தைகளைப் பற்றி ஒரு பத்தி. கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஏங்க, வேணாம்ங்கிற வார்த்தை இதுல எங்க வருது?" என்று கேட்டாள். கடைசியில் வரும் என்றேன். நல்ல பேச்சில் முக்கியமான வார்த்தை கடைசியில்தான் வரும் என்பது என் கொள்கை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்துக்கு ஒட்டிய ஜிகினா எழுத்துகள்கூட மேடையில் அப்படியே இருந்தன. கம்பெனிக்காரர்கள் ரோஸ் மில்க் கொடுத்தார்கள். விமலா அக்கா துணிப்பையோடு வந்து, விஷயம் தெரிந்ததும், வந்தது வந்தாயிற்று என்று ஒரு ரோஸ் மில்க்கோடு உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் அதிகாரியும் கம்பெனி மேனேஜரும் வந்து அமர்ந்தாயிற்று. வரவேற்புரை சொல்ல இருந்த ஊர்ப் பிரமுகர் வரவில்லை. சபாரி சூட் போட்ட கம்பெனி ஆள் ஒருவர் கீழே இறங்கி வந்தார்.

"இங்க மைக்ல நல்லா பேசறவங்க யாரு சார்?"

மண்டபமே என் பக்கம் திரும்பியது. நான்கூடத் தெரியாத்தனமாக என்னையே திரும்பிப் பார்த்திருப்பேன் போலிருக்கிறது.

"சார், ரெண்டே வார்த்தை. வந்தவங்களை வாங்கன்னு சொல்லிட்டீங்கன்னா, கூட்டத்தை ஆரம்பிச்சுடலாம்."

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். எனக்கு அது 'உட்காருங்க' என்று படவில்லை, 'கூச்சப்படாதீங்க' என்று பட்டது. தவிர, என் மூளை ஒரு கணக்குப் போட்டது: இரண்டு வாக்கியம் வரவேற்பு, அப்புறம் ஒரு 'ஆனால்', அதன் பின்னாலேயே கிணறு, குழந்தைகள், வேண்டாம். எதிராளியின் மைக்கிலேயே எதிராளியை வீழ்த்தும் தந்திரம்.

ஏறினேன். மைக்கைத் தட்டினேன். டொக் டொக் என்று அது பதில் சொன்னதும் எனக்குள் இருந்த லேத் ஆபரேட்டர் இறங்கிப் போய்விட்டார்.

"கல்லும் முள்ளும் மண்டிக் கிடந்த எங்கள் பகுதியை நாடி வந்திருக்கும் அதிகாரி அவர்களையும், அபாயகரமான கழிவு மேலாண்மை நிலையத்தை இங்கே அமைக்க முன்வந்திருக்கும் மேனேஜர் அவர்களையும், இப்பகுதி மக்கள் சார்பில், இருகரம் கூப்பி, சிரம் தாழ்த்தி, வருக வருக என வரவேற்கிறேன்."

கைதட்டல். கம்பெனி ஆட்கள் ஆரம்பிக்க, ரோஸ் மில்க் குடித்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் அடங்கட்டும், 'ஆனால்' என்று தொடங்கலாம் என்று நான் கம்பீரமாகக் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் சபாரி சூட் என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு ஒரு சால்வையைத் திணித்தார். மேனேஜர் எழுந்து கழுத்தை நீட்டினார். நீட்டிய கழுத்துக்குச் சால்வை போடாமல் என்ன செய்வது? போட்டேன். போட்டோ எடுத்தார்கள். போட்டோவுக்காக நான் சிரித்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

கருத்துச் சொல்லும் நேரம் வந்தது. முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

"நீங்க ஏற்கெனவே பேசிட்டீங்களே சார்," என்றார் அதிகாரி. "ஒருத்தருக்கு ஒரு தடவைதான். மத்தவங்களுக்கும் வாய்ப்புக் கொடுங்க."

அந்த 'ஆனால்' இன்றைக்கும் என் தொண்டையில்தான் இருக்கிறது.

எனக்குப் பின்னால் ஏழுமலை அண்ணன் எழுந்தார். மைக் அவரிடம் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

"சார், அதுல இன்னா கொட்டப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது. கெணறு என்னுது. அந்தக் கீரையத்தான் இந்த ஊரு பூரா துன்னுது. நாளைக்கு ஒரு கொயந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் ஆபீசுக்கு வர மாட்டாங்க, என் வூட்டாண்டதான் வருவாங்க. வாணாம் சார்."

நாக்கு இழுத்துக்கொள்ளவே இல்லை. நான் கண்ணாடி முன் நின்று தேடிய பேச்சு இதுதான். அதிகாரி பேனாவை மூடியே வைத்திருந்தார்.

"உங்க பயம் புரியுதுங்க. ஆனா மக்கள் சார்பா அந்த சார் பேசினாரே, அவரே வரவேற்றுட்டாரே."

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகம், மீதிச் சில்லறை சரியாக வரும் என்று நம்பிக் கை நீட்டி ஏமாந்த ஆளின் முகம்.

"நான் அப்படிச் சொல்லலை" என்று கத்தினேன். மைக் இல்லாத என் குரலை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். சின்னக் குரல். அதற்குள் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள், நாற்காலிகள் இழுபட்டன.

அந்த வாரமே உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் போட்டோ வந்தது. நான் சால்வை போடுகிறேன், பல் தெரிய. கீழே, 'கழிவு நிலையத்துக்குப் பொதுமக்கள் வரவேற்பு'. லேத் ஷாப்பில் ஒருவன் அதைக் கத்தரித்து என் மெஷினுக்கு மேலே ஒட்டினான். "மச்சான், என் வூட்டுல கூட ஒரு லோடு குப்பை கீது. எப்ப வந்து வரவேக்கற?"

அரை நாள் லீவு போட்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். ஒரு கிளார்க் பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க வரவேற்றீங்களா, இல்லையா?"

"வரவேற்றேன். ஆனா வந்த ஆளுங்களைத்தான் வரவேற்றேன். திட்டத்தை இல்லை."

"கழிவு நிலையம்னு பேரைச் சொல்லித்தானே வரவேற்றீங்க?"

"பேரைச் சொன்னேன் சார். அந்த வரவேற்பு வேற, இந்த வரவேற்பு வேற."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரிஞ்சு தமிழ்ல ஒரு வரவேற்புதான் சார் இருக்கு."

நியாயமாகப் பார்த்தால், நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அந்த நிலையம் வந்திருக்கும் என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்க வந்தார்கள் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. ரோஸ் மில்க், சால்வை, சாப்பாடு எல்லாவற்றையும் மறக்காமல் கொண்டுவந்தவர்கள், நாங்கள் வேண்டாம் என்று சொன்னால் எழுதிக்கொள்ளத் திறந்த பேனா ஒன்றைக் கொண்டுவரவில்லை. ஆனால் அவர்கள் திருட வந்த வீட்டுக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்து, காலில் விழுந்து, சால்வையும் போட்ட ஆள் நான்தான். அதில் எனக்குப் பங்காளி கிடையாது.

லாரிகள் வந்தன. பள்ளத்துக்கு அடியில் விரித்த பிளாஸ்டிக் ஷீட் நூறு வருஷம் தாங்கும் என்றார்கள். இரண்டாவது மழைக்காலம் வரைக்கும் தாங்கியது. ஏழுமலை அண்ணன் கிணற்றில் முதலில் வாடைதான் வந்தது. அப்புறம் மோட்டார் போட்டால் நுரை. கீரையின் ஓரம் கருகத் தொடங்கியதும், யாரும் சொல்வதற்கு முன்பே விற்பதை நிறுத்திவிட்டார். கேட்டு வந்தவர்களுக்கும் கொடுக்கவில்லை. தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார்.

போகிற அன்று பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். எனக்குச் சிரமம் கொடுக்காமல் அவரே பேசினார்.

"நீ நல்லாத்தான் பேசுன சார். நீ யாருக்காகப் பேசுறன்னுதான் எங்களுக்குத் தெரில."

அவருடைய கிணற்றுக்குப் பின் எங்கள் கிணறுகள் ஒவ்வொன்றாகப் போயின. நம் வீட்டுக் கிணற்றை மரப்பலகை போட்டு மூடி, மேலே நீங்கள் ஏறாமலிருக்க அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். அப்போதிலிருந்து தண்ணீர் லாரிதான்.

தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டதும் அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். "ஏங்க, லாரி வந்துடுச்சு. வரவேற்புரை ஆரம்பிங்க." நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எதற்கென்று தெரியாமலே சிரித்தீர்கள், இப்போது தெரிந்துவிட்டது. இனிமேலும் சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை. நான் குடங்களை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பேன். லாரி டிரைவர் நல்ல பையன், என்னைப் பார்த்தால் தினமும் வணக்கம் வைப்பான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.