டெஸ்டர் நைனாவும் இரண்டு விரல் இடைவெளியும்

திருத்தணியில் டெஸ்டர் நைனாவின் சந்தேகத்துக்கு ஆளாகாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. மலைமேல் இருக்கிற முருகனை மட்டும் விட்டுவைத்தார் என்பார்கள். எனக்கு அதுவும் உறுதியில்லை. சாமி கும்பிடும்போது அவர் ஒரு கண்ணைத்தான் மூடுவார். இன்னொன்று செருப்பு விட்ட திசையிலேயே இருக்கும்.

லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொட்டுச் சோதிக்கும்வரை எந்த ஒயரிலும் கரண்ட் இருப்பதாகவே நினைக்க வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். நைனா அந்தப் பாடத்தை ஒயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், அவர் டெஸ்டர் வைத்திருந்தார். டீக்கடை இரும்பு பெஞ்சில் அதை வைத்துப் பார்த்த பிறகுதான் உட்காருவார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையிடம் இரண்டு முறை பெயர் கேட்பார். இரண்டு முறையும் ஒரே பெயர் வந்தால்தான் மொய் எழுதுவார்.

தனி ஆள். அவர் வாசலில் ஒருநாள் ஒரு செவலை நாய் வந்து படுத்தது. யார் அனுப்பிய நாய் என்று ஒரு மாதம் தெருத்தெருவாக விசாரித்தார். யாரும் ஒப்புக்கொள்ளாததால் சோறு போட ஆரம்பித்தார். கொஞ்சம் லோடு ஏறினாலும் படுத்துவிடுகிறது என்று அதற்கு ஃபியூஸ் என்று பேர் வைத்தார்.

பட்டாசு வெடித்தாலும் படுத்துக்கொள்ளும், குரங்கு முறைத்தாலும் படுத்துக்கொள்ளும் அந்த ஃபியூஸுக்குத்தான் ஆபத்து வந்தது. கழுத்தில் பெல்ட் இல்லாத நாய்களைத் திங்கட்கிழமை பிடிக்கப்போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பிடித்த நாய்களை ஆந்திரா பார்டர் தாண்டிக் காட்டில் விடுவார்கள் என்று டீக்கடையில் யாரோ சேர்த்துக்கொண்டார்கள். நைனா நேராக என் கடைக்கு வந்தார்.

மார்க்கெட் பக்கம் கயிறு, சங்கிலி, மாட்டு மணி விற்கிற சின்னக் கடை என்னுடையது. நாய் பெல்ட்டும் உண்டு. ஆள் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. கயிற்றைப் பார்த்தபடி பேசி வியாபாரத்தை முடித்துவிடுவேன். நைனாவிடம் அது செல்லவில்லை.

"இது இன்னா தோலு?"

"மாட்டுத் தோலு, நைனா."

"மாடு உங்கிட்ட வந்து சொல்லிச்சா?"

நைலான் பெல்ட்டைக் காட்டினேன்.

"நனைஞ்சா சுருங்கும்."

"சுருங்காது, நைனா."

"நீ நனைச்சிப் பாத்தியா?"

நான் பார்த்ததில்லை. பெல்ட்டை என் குடிதண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சுருங்கவில்லை. "இன்னிக்கி சுருங்கல" என்று ஒதுக்கிவிட்டார்.

இரும்புச் சங்கிலிப் பட்டையை எடுத்தேன்.

"ஏம்பா, அது கரண்ட் கம்பத்துலதான் காலத் தூக்குது. கழுத்துல இரும்ப மாட்டிவுட்டா இன்னா ஆவும்?"

மணி வைத்த பெல்ட்டை நீட்டினேன். "நாய் எங்க கீதுன்னு தெரியும், நைனா. நல்லதுதானே?"

"யாருக்கு நல்லது?"

மணியை உள்ளே வைத்தேன்.

கடைசியில் பக்கிள் வைத்த தோல் பெல்ட்டுக்கே திரும்பி வந்தார். அதையும் சும்மா வாங்கவில்லை. இருப்பதிலேயே பெரிய சைஸை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டி, சங்கிலியைக் கோத்து என் கையில் கொடுத்தார்.

"இழு."

"வேணாம், நைனா."

"நாய் வலிக்குதுன்னா சொல்லாது. நான் சொல்லுவேன். இழு."

தெருவில் தலைகுனிந்து நடந்தேன். பின்னால் அவர் ஒவ்வொரு அடிக்கும் "இங்க அறுக்குது, இங்க அறுக்கல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நேரம் பார்த்து மலைக்குப் போகும் தெலுங்குக் குடும்பம் ஒன்று எதிரே வந்தது. காவடி, அலகு என்று எத்தனையோ பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவருக்கு என்ன ஆச்சு என்று ஒரு அம்மா தெலுங்கில் பூக்காரியிடம் கேட்டார்.

"ஆயனகி ஏமைந்தி?"

"வேண்டுதலம்மா" என்றாள் பூக்காரி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அம்மா சட்டென்று நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நைனா துள்ளிப் பின்வாங்கினார்.

"கால்ல இன்னா எடுக்குது அது? செருப்பப் பாரு, செருப்பப் பாரு!"

பெல்ட் பாஸானது. ஃபியூஸுக்கான சைஸை எடுத்துக் கொடுத்து, கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையவேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். யாருடைய விரல் என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் கம்பி முறுக்கிய கை அது. ஒவ்வொரு விரலும் ஒரு மொந்தன் வாழைக்காய். அவருடைய இரண்டு விரலில் என் நாலு விரலை அடக்கிவிடலாம்.

திங்கட்கிழமை காலையில் நாய் பிடிக்கும் வண்டி வந்து என் கடைக்கு எதிரே நின்றது. "அப்பால பெல்ட்ட நாங்க பாக்கலன்னு சொல்லக்கூடாது பாரு" என்று நைனாவே நாயை வண்டிக்காரரிடம் கூட்டிக்கொண்டு வந்தார். வலையைப் பார்த்த ஃபியூஸ் பின்னுக்கு இழுத்தது. பெல்ட் காது வழியாக வழுக்கிக்கொண்டு வந்து நைனாவின் கையில் தொங்கியது. வலை நாய்மேல் விழுந்தது.

"என் நாய்பா அது!"

"புடிச்சப்புறம் எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றார் காக்கிச் சட்டை போட்ட வண்டிக்காரர். "பெல்ட்டு எங்க?"

"இதோ, கையில."

"கையில போட்டா உன்னதான் புடிக்கக் கூடாது. பேரச் சொல்லிக் கூப்புடு, பாப்போம்."

"ஃபியூஸு! டேய் ஃபியூஸு!"

அவ்வளவு லோடு அது தாங்குமா? வலைக்குள் கண்ணை மூடிப் படுத்துவிட்டது.

"உன் நாய்தான்னு இன்னா அத்தாட்சி?"

ஊரையே நைனா கேட்ட கேள்வி அது. அவரை யாரும் கேட்டதில்லை. "நியாயமாத்தான் கேக்குறாரு" என்று முணுமுணுத்தார்.

நான் எப்போது கடையை விட்டு இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"அவரு நாய்தாங்க. பெல்ட்டு நம்ம கடையில வாங்குனது. அளவு தப்பா சொன்னது நான்."

"நீ யாரு?"

அவ்வளவுதான், என் கண் வலைக் கயிற்றுக்குப் போய்விட்டது. அப்போது நைனா சொன்னார்:

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. பூக்காரி தலை நிமிர்ந்தாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து கேட்டவர் எவரும் இல்லை. மொத்தக் கடைத்தெருவின் முகமும் போன போக்கைப் பார்த்த வண்டிக்காரர், ஏதோ பெரிய சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். வலையைத் தூக்கினார். குத்தூசி எடுத்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். இந்த முறை என் விரலை வைத்து அளந்தேன்.

மறுநாள் நைனா வந்தார்.

"நேத்து எனக்காக பேசுனியே, யாரு பேசச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல, நைனா."

"ம்" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து தினமும் வந்து எதையாவது சந்தேகப்பட்டுவிட்டுப் போகிறார். வராத நாளில் எனக்குக் கடையில் கை ஓடுவதில்லை. பெல்ட்டைப் பார்க்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போய் நிற்பேன்.

"இன்னா இந்தப் பக்கம்?"

"பெல்ட்டு சரியா கீதான்னு பாக்கலாம்னு."

"அது நல்லாத்தான் கீது. நெசமா எதுக்கு வந்த?"

நான் ஃபியூஸின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் வாழ்நாளில் பட்ட அத்தனை சந்தேகத்திலும் இது ஒன்றுதான் சரி.