ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் இன்னும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. நீயும் உன் வீட்டாரும் சுகமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றவர்கள்: நான், என் மகள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை, என் நல்ல கத்தரிக்கோலை இரவல் வாங்கி மழுங்கடித்துத் திருப்பித் தந்த மாடிவீட்டுத் தையல்காரி. உள்ளே இருந்தது பேத்தி மட்டும். பத்து மாதம், இப்போதுதான் தவழப் பழகியிருக்கிறாள். கூடவே, மகள் தரையில் வைத்துவிட்டு வந்த இஸ்திரிப் பெட்டி, சூட்டோடு.

புது பீரோவைப் படியேற்றக் கை கொடுக்கலாமென்று எல்லாரும் வெளியே வந்தோம், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. சாவி கிடையாது, எண்ணை அழுத்தித் திறக்கிற பூட்டு, மாப்பிள்ளை ஆசைப்பட்டு மாட்டியது. மகள் ஓடிப்போய், தலைப்பில் எழுதியிருக்கிறேனே, அந்த எண்ணை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த எண் பாதி உலகத்துக்குத் தெரிந்ததென்றும், திருடனுக்குப் பயந்து போன வாரம் அதை எதாலோ பெருக்கி மாற்றிவிட்டதாகவும், எதால் என்பதுதான் நினைவில் இல்லையென்றும் சொன்னார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எனக்கே புரிகிற மாதிரி விளக்கவும் செய்தார். இரண்டிலிருந்து ஆறு வரை எதால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசையில், ராட்டினம் மாதிரி சுற்றி வருமாம், ஏறுகிற இடம்தான் வேறாம். "அதனால மறக்கவே மறக்காது அத்தை" என்றார், மறந்துவிட்டு நின்ற மனிதர்.

உள்ளே குழந்தை அழுதாள். இரண்டால் பெருக்கியதை அழுத்தினார், இரண்டு எட்டு ஐந்து ஏழு ஒன்று நான்கு, சிவப்பு. மூன்றால் பெருக்கினால் நான்கு இரண்டு எட்டு ஐந்து ஏழு ஒன்று, அதுவும் சிவப்பு. மூன்று தடவை தப்பினால் பூட்டு ஊமையாகிவிடுமாம், காத்திருக்க வேண்டுமாம். காத்திருந்தபோது அழுகை சட்டென்று நின்றது. தம்பி, அழுகையை விட அதுதான் பயமாக இருந்தது. மகள் கதவில் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள். தையல்காரி, தன் வீட்டில் இன்னும் சாவிதான் என்றாள். பூட்டுக்கு உயிர் வந்ததும் நான்கால், ஐந்தால், ஆறால் பெருக்கியவை. மூன்றும் சிவப்பு.

"ஏழு என்ன பாவம் பண்ணிச்சு மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஏழால பெருக்கினா ஆறு இலக்கமும் ஒன்பதா வந்து நிக்கும் அத்தை. அதைப் போய் எந்த மடையனாவது பூட்டுக்கு வைப்பானா?"

சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் வெளுத்துவிட்டது. பூட்டு மறுபடி வாய் திறந்ததும் ஒன்பதை ஆறு தடவை அழுத்தினார். பச்சை.

பேத்தி கட்டிலடியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கடையிலிருந்து கொண்டுவந்திருந்த, விலை கூடிய மூக்குக்கண்ணாடியின் காம்பைச் சப்பிக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டிப் பக்கம் அவள் போகவேயில்லை. மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு அழுதார், அதனால் அவரை மன்னித்துவிட்டேன். தையல்காரி மகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், கத்தரிக்கோலையும் மன்னித்துவிட்டேன். நீயும் உன் பிள்ளைகளும் எந்தக் கதவுக்கு வெளியேயும் நிற்காமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ள ஆசீர்வாதத்தில் உன் பங்கை அடித்துவிடு. உறையை ஒட்டும்போது மாப்பிள்ளை வந்து ஒப்புக்கொண்டார். ஏழால் பெருக்கி வையுங்கள், எவனுக்கும் தோன்றாது, வீட்டிலும் சொல்ல வேண்டாம் என்று போனில் யோசனை சொன்னவர் ஒரு கணக்கு வாத்தியாராம். மற்ற எல்லாரையும் மன்னித்தது மன்னித்ததுதான். சாகும்வரை மன்னிக்காத ஒரே ஆள், என் கூடப்பிறந்த நீ.