ஐந்து உறையிலும் ஏலக்காய்

விவரம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டால் வீட்டில் யாரும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை. ஆபத்தே அதுதான். போடியில் எங்கள் குடும்பத்தில் பி.யு.சி. வரை போன முதல் ஆள் நான். அந்தப் பெயர் எனக்குத்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசி. சர்க்கார் நடத்தும் பெரிய தொழில்நுட்பக் கல்லூரிகள் நாட்டில் ஐந்து ஊர்களில் இருப்பதாகப் பேப்பரில் படித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஏலக்காய்த் தோட்டக்காரர். "ஒரு தடவ எழுதிப் பாரு அப்பு. கெடைக்கலைன்னா குரங்கணிக்கு மேல நம்ம தோட்டத்துக்கு வந்து சோலியப் பாரு" என்றார். தோட்டம் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டை. (அட்டையை நினைத்தாலே எனக்குக் காலைச் சொறியத் தோன்றும். இப்போதும் சொறிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.)

ஐந்து கல்லூரிக்கும் விண்ணப்பம் வரவழைத்தேன். எந்தக் கல்லூரி முதலில் வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பாதான் வழி சொன்னார்.

"ஏலத்துல ஒரே யாவாரிய நம்பியா சரக்க வைக்கிறோம்? எல்லாருக்கும் சாம்பிள் கொடுக்கிறோம்ல? ஒவ்வொருத்தன்கிட்டயும் நீதான் எனக்கு மொத ஆளுன்னு எழுது."

எழுதினேன். ஐந்து விண்ணப்பம், ஐந்திலும் வேறு வேறு முதல் விருப்பம். அப்பா ஒவ்வொரு உறையிலும் பருமனான ஏலக்காயாகப் பார்த்து நாலைந்து போட்டார். ("சாம்பிள் இல்லாம எவன்டா வெல கேப்பான்?") விவரம் தெரிந்த நான் பசை தடவி ஒட்டினேன்.

பதில் மதராஸிலிருந்து வந்தது. ஒன்றே ஒன்று. கல்லூரி ஐந்தானாலும் பரீட்சை ஒன்றுதானாம். ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தானாம். போடிக்காரன் எங்கே அனுப்பினாலும் அது மதராஸ் மண்டலத்துக்கே வந்து சேருமாம். ஐந்து முதல் விருப்பங்களுக்கும், உடன் இருந்த ஏலக்காய்க்கும் நேரில் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று முடித்திருந்தார்கள்.

மதராஸ் போய்ச் சேரும்வரை எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. கண்ணை மூடினால் அட்டைதான் வந்தது. அப்பா மட்டும் பஸ் நின்ற ஊரிலெல்லாம் இறங்கி இட்லி சாப்பிட்டார்.

அதிகாரியின் மேஜையில் ஐந்து உறைகளும் வரிசையாக இருந்தன. அறை முழுக்கப் பாயாச வாசம்.

"இதுல எது தம்பி நிஜம்?"

"எல்லாமே நிஜம் சார்" என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

அப்பா முன்னால் வந்தார். "அஞ்சும் ஒரே வீடுன்னு தெரியாமப் போச்சுங்கய்யா. பங்காளிக தனித்தனியா யாவாரம் பண்றாகன்னு நெனைச்சுட்டோம்."

அதிகாரி சிரிக்கவில்லை. நாலு விண்ணப்பத்தைக் கிழித்தார். ஐந்தாவதில் முத்திரை குத்திவிட்டு, ஏலக்காயைப் பொட்டலமாக மடித்து அப்பா கையில் கொடுத்தார்.

பரீட்சை எழுதினேன். முதல் கேள்வி என்ன கேட்கிறது என்பதே கடைசிவரை புரியவில்லை. அந்த மழைக்காலத்தில் அட்டைகள் என்னைச் சேர்த்துக்கொண்டன. அவற்றுக்கு விண்ணப்பம் தேவைப்படவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்த உறையை ஒட்டும் முன்னும் என் மனைவி அதை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். என் மகள் அதே பரீட்சைக்கு அனுப்பிய உறையையும் அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்டவிட்டாள். மகளுக்கு இடம் கிடைத்தது. கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அப்பாவால் நம்பவே முடியவில்லை.

"சாம்பிள் இல்லாமலேயா எடுத்துக்கிட்டாக?" என்றார்.